ஒல்லியாகிவிட்டார் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரை அவருடைய தாயும் தம்பியும் இருபுறமும் தாங்கியபடி என் அறைக்குள் அழைத்து வந்தார்கள். காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கால்களை அகட்டி வைத்து, தரை எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் நடந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, பேனாவை முகத்துக்கு நேரே பிடித்து, “எத்தனை பேனா தெரிகிறது அம்மா?” என்று கேட்டேன். “இரண்டு” என்றார். பேனாவைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். கண்கள் பாதி வழியிலேயே நின்று துடித்தன.

மூன்று மாதத்துக்கு முன்பு வெளியூரில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ‘ஸ்லீவ்’ முறை. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருக்கிறது. காயமெல்லாம் சுத்தமாக ஆறியிருந்தது. ஆனால் ஐந்து வாரமாக வாந்தி. ஏன் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். “வயிற்றைச் சின்னதாக்கியிருக்கிறார்கள், வாந்தி வரத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம் டாக்டர்” என்றார் தாயார். வைட்டமின் மாத்திரைகளை அதற்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். சோர்வு தாங்காமல் அருகில் ஓரிடத்தில் மூன்று முறை குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது பாட்டில் ஏறிய மறுநாள்தான் நடை தள்ளாடத் தொடங்கியது.

ஒன்றரை ஆண்டுக்குள் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வந்தது, தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துபோனதால் மூளை பாதிக்கப்படும் நோய். வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-இல் விவரித்தது. நம் உடம்பில் தயமின் கையிருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் குதிர் காலி. அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அது சுரண்டிவிடும். ரத்தக் குழாய் வழியாக அதிக அளவில் தயமின் கொடுத்தோம். மறுநாள் மாலைக்குள் கண் நேரானது. நடை இன்னும் திரும்பவில்லை. வீட்டில் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டுதான் வளவைச் சுற்றி வருகிறார்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த வைட்டமினோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. நம் ஊரிலிருந்து கொண்டுவிற்கப் போன மலாயாவில், சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு பெரிபெரி என்ற நோய் சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. அதுவும் இதே பி1 குறைவால் வருவதுதான். அவர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. பக்கத்திலேயே வாழ்ந்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. அவர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள் என்பதை அங்கே பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் கவனித்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்படிச் சோற்றாலேயே தப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சோறே தங்காத வயிற்றோடு ஐந்து வாரம் கிடந்தால் எதைக் கொண்டு தப்பிப்பது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை நான் செய்வதில்லை. மதுரையிலோ கோவையிலோ சென்னையிலோ செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்க்கும் பொது மருத்துவன் நான். சிகிச்சைக்கு எதிரியும் அல்லன். சர்க்கரைக்கு நாளுக்கு இரண்டு வேளை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊசியே இல்லாமல் நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன். இரவில் மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைப் பற்றித்தான்.

என்ன ஆபரேஷன் செய்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. “லேசர் ஆபரேஷன்” என்கிறார்கள். “கொழுப்பை எடுத்துவிட்டார்கள்” என்கிறார்கள். லேசரும் இல்லை, கொழுப்பை எடுக்கவும் இல்லை. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அது. ஸ்லீவ் முறையில் வயிற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விடுகிறது; ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய்தான் மிச்சம். பைபாஸ் முறையில் 30 மில்லி பிடிக்கும் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே கொண்டுபோய் இணைத்துவிடுகிறார்கள். எந்த முறையானாலும் இரும்பும் பி12-ம் உறிஞ்சப்படும் ஏற்பாடு குலைந்துபோகிறது. அது பழையபடி திரும்பி வராது. இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

“ஆறு மாதம் போட்டாயிற்று டாக்டர், இப்போது ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், இனி எதற்கு மாத்திரை?” வாரம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது என்று யாராவது கண்ணாடியைக் கழற்றி வைப்பார்களா? ஆள் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். வயிறு போனது போனதுதான். ஆகவே மாத்திரையும் கடைசி வரைக்கும்தான். ஆறு மாதம் அல்ல, இரண்டு ஆண்டு அல்ல, ஆயுள் முழுவதும்.

நிறுத்தியவுடன் ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. ஆகாது, அதுதான் சிக்கல். பி12 கல்லீரலில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இருப்பு இருக்கும். மாத்திரையை நிறுத்தி ஓராண்டு ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம் வந்துவிடும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் நிறுத்துவார். பைபாஸ் செய்துகொண்டு நான்கு ஆண்டு ஆன ஒரு பெரியவர் வந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடந்தே வளர்ந்தவர். “தரையின் குளிர்ச்சி தெரியவில்லை ஐயா, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. நேற்றுச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருமுனை வரை போய்விட்டேன்” என்றார். பி12 அளவு அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓரளவு திரும்பும். நரம்பு எவ்வளவு செத்திருக்கிறதோ அவ்வளவு திரும்பாது.

அடுத்து, “சத்துதானே, சாப்பாட்டிலேயே எடுத்துக்கொள்கிறோம்” என்ற பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம். நூறு கிராம் மீனில் 20. அரைக் கிண்ணம் சுண்டலில் 7. அரைக் கிண்ணம் தயிரில் 4. எல்லாம் சேர்த்து 43. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் இறங்கினாலே பெரிது என்றிருக்கும் முதல் மாதங்களில் இதையே சாப்பிட்டு முடிப்பது கடினம். அதனால்தான் புரதப் பொடி எழுதிக் கொடுக்கிறார்கள். கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வேண்டும். அதைப் பாலிலிருந்து மட்டும் எடுப்பதென்றால் தினமும் ஒரு லிட்டர் பால் குடிக்க வேண்டும். எந்த வயிற்றில் குடிப்பது? மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான், நானும் சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் அவற்றால் இந்த அளவை எட்ட முடியாது.

“மாத்திரை சூடு”, “தினமும் போட்டால் சிறுநீரகம் போய்விடும்” என்று உறவுக்குள் யாரோ ஒருவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் வைட்டமின் போட்டதால் சிறுநீரகம் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. போடாததால் நடை போனவர்களைப் பார்க்கிறேன். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். ஓர் ஆச்சி தன் மருமகளுக்குப் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, வேளைக்கு ஒரு கிண்ணம் என்று மாத்திரைகளைப் பிரித்து வைத்துத் தருகிறார். மூன்று ஆண்டாக அந்தப் பெண்ணின் ரத்தப் பரிசோதனையில் ஒரு குறை இல்லை.

எல்லா ஆச்சிகளிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்தவரை வயிறு நிறையச் சாப்பிடவைத்து அனுப்புவது இந்த மண்ணின் பழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் இவர்கள் இலையில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் விட்டுவிடுங்கள். “ஒரே ஒரு கந்தரப்பம்” என்று கையைப் பிடிக்காதீர்கள். பைபாஸ் செய்தவருக்கு அந்த வெல்லம் நேரே குடலில் போய் விழும். அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகப்பில் வந்து சாய்ந்துகொள்வார். ‘கண் பட்டுவிட்டது’ என்று மிளகாய் சுற்றிப் போட்டால் தீராது. “இன்னும் கொஞ்சம் இளைத்தால் சீக்காளி மாதிரி இருப்பாய்” என்று அவர் காதுபடச் சொல்வதையும் நிறுத்துங்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே பந்திக்குப் போகாத இளம்பெண்கள் இருக்கிறார்கள்.

இனி நோயாளிகளுக்கு. எடை இறங்குவது பெரும்பாலும் முதல் ஒன்றேகால், ஒன்றரை ஆண்டுக்குத்தான். பிறகு நிற்கும். கொஞ்சம் ஏறவும் செய்யும். அதற்குக் கலங்க வேண்டாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோ திரும்ப ஏறி வருகிறவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்டால், சோறும் கறியும் குறைவாகத்தான் இருக்கிறது. ஏறுவதற்குக் காரணம் பலகார டின். தேன்குழலும் சீப்புச்சீடையும் வாயில் பொடிந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததாகவே சொல்லாது. உப்புக்கண்டம் நெஞ்சில் நிற்கிறது, நாட்டுக்கோழி அடைக்கிறது என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, எளிதாக இறங்குகிறதென்று பால் பணியாரத்தில் வந்து நிற்பார்கள். உப்புக்கண்டத்தை ஒதுக்கலாம், தவறில்லை. கோழியைக் குழைய வேகவைத்து, மென்று, இருபது நிமிடமாவது எடுத்துக்கொண்டு சாப்பிடுங்கள். முதலில் புரதம், பிறகு காய், கடைசியில்தான் சோறு. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் வேண்டாம்; சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டும். மறுபடி முளைக்கும். புரதத்தைக் கூட்டுங்கள், எண்ணெய்க்குச் செலவழிக்காதீர்கள். முழங்கால் வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், பைபாஸ் செய்தவர்கள் கட்டாயமாகக் கூடாது. குடல் இணைப்பில் புண் வந்து ரத்தம் கசியும். புகையும் அதையே செய்யும். மது முன்பைவிட வேகமாகவும் கடுமையாகவும் ஏறும், அதனால் தொடவே வேண்டாம். பழைய சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் பழைய அளவிலேயே போட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வாராவாரம் அளந்து, மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

குழந்தைக்காக இந்த சிகிச்சை செய்துகொள்ளும் பெண்கள் இப்போது அதிகம். எடை இறங்கத் தொடங்கியதும் பல ஆண்டாக உண்டாகாத கரு, சிகிச்சை முடிந்த நான்காம் மாதத்திலேயே உண்டாகிவிடலாம். வீடே மகிழும், நான்தான் கவலைப்படுவேன். பட்டினி நிலையில் இருக்கும் உடம்பு அது. சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம், வேறு வழியைக் கேளுங்கள். பேரன் எப்போது என்று மாமியார் கேட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். கர்ப்பமான பின் சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பார்கள். குடிப்பதற்கு முன்பே, இப்படி ஒரு சிகிச்சை நடந்திருக்கிறது என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். வேறு விதமாகப் பரிசோதிக்க முடியும்.

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. வெளியூர் போக முடியாவிட்டால் இங்கேயே எடுத்து, முடிவை அறுவை சிகிச்சை நிபுணருக்கு அனுப்புங்கள்.

வாந்திக்கு மீண்டும் வருகிறேன். அவசரமாகத் தின்று ஒரு நாள் வாந்தி எடுப்பது வேறு. இரண்டு நாள் தொடர்ந்து எதுவும் தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள், இரவானாலும் போங்கள். நடை தள்ளாடினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழம்பினாலோ நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருத்துவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இவர்களுக்கு முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ்.

நோயாளியால் பேச முடியாமல் போகலாம். அதனால் ஒரு தாளில் பின்வருமாறு எழுதிப் பணப்பையில் வையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள்: “எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முறை: ஸ்லீவ் அல்லது பைபாஸ். செய்த தேதி. எனக்கு வாந்தி நீடித்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் பி1 ஊசி போடவும்.”