எக்ஸ்ரே நார்மல், ஆனால் விரல் மடங்கவில்லை

அந்த ஸ்கேன் சீட்டில் இருந்தவை இரண்டே சொற்கள்: கை வலி. எத்தனை நாளாக, காலையில் விரல் மடங்குகிறதா, ரத்தப் பரிசோதனை எதுவும் செய்தார்களா, ஒன்றும் இல்லை. நான் எம்.ஆர்.ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட். பெரும்பாலும் நோயாளியின் முகம் பார்க்காமலே என் வேலை முடிந்துவிடும். அன்று எழுந்துபோய்ப் பேசினேன். தையல் வேலை செய்பவர், வயது முப்பத்தைந்து இருக்கும். நான்கு மாதமாக விடிந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்துக்கொள்கின்றன, கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழைய மாட்டேன் என்கிறது என்றார். கையோடு கொண்டுவந்திருந்த எக்ஸ்ரேயில் எலும்புகள் பழுதில்லாமல்தான் இருந்தன. "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே டாக்டர், அப்புறம் எதுக்கு இது?"

நியாயமான கேள்விதான். எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். எலும்பின் முன்பக்கம், பின்பக்கம், நடுப்பகுதி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகின்றன. கால்சியம் கணிசமாகக் கரைந்த பிறகே அந்த நிழலில் குறை தெரியும். இவர் சொன்ன விறைப்பு சுட்டும் முடக்குவாதமோ (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) எலும்பில் தொடங்குவதே இல்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சைனோவியம் என்ற மெல்லிய சவ்வில் அழற்சி பிடிக்கிறது; சவ்வு தடித்துப் புடைக்கிறது. எலும்பு முனையைக் குருத்தெலும்பு மூடியிருந்தாலும், மூட்டு உறைக்குள்ளேயே குருத்தெலும்பு எட்டாத ஒரு குறுகலான ஓரம் உண்டு. தடித்த சவ்வு அங்கே நேராக எலும்பின்மேல் படுகிறது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அழற்சி தூண்டிவிட, முதல் அரிப்பு அந்த ஓரத்தில்தான் விழும்.

மூட்டு வலி என்றாலே "எலும்பு தேஞ்சுபோச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். தேய்மானம் வேறு, அரிப்பு வேறு. தேய்மானத்துக்கு வயதும் உழைப்பும் காரணமாகலாம். அரிப்புக்குக் காரணம் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவது. அதற்கு மருந்து இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல் குழப்பம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. தேய்மானம் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருக்கும் மாதங்களில் அரிப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எம்.ஆர்.ஐ பார்ப்பது கால்சியத்தை அல்ல; நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனை. பெரியவர்களின் கை எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. அழற்சி உள்ளே இறங்கினால் கொழுப்பு இருந்த இடத்தை அழற்சி செல்களும் நீரும் பிடித்துக்கொள்கின்றன. கொழுப்பின் ஒளியை அணைத்து எடுக்கும் படத்தில் நல்ல மஜ்ஜை கறுப்பாகத் தெரியும், அழற்சி பிடித்த இடம் மட்டும் வெள்ளை மேகம்போல் நிற்கும். டி1 என்ற வகைப் படத்தில் இதற்கு நேர்மாறு: நல்ல மஜ்ஜை வெளுப்பு, நோயுள்ள இடம் இருட்டு. ரிப்போர்ட்டில் இதை 'போன் மேரோ எடீமா', அதாவது மஜ்ஜை நீர்க்கோவை என்று எழுதுகிறோம். அவ்வளவு பொருத்தமான பெயர் இல்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எடுத்த எலும்புத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அங்கே இருந்தது வெறும் நீர் அல்ல, கூட்டமாக அழற்சி செல்கள் என்று தெரிந்தது. நாளை அரிப்பு வரக்கூடிய இடத்தை இன்றே காட்டுவது இந்த வெள்ளைதான். மருந்து சரியாக வேலை செய்தால் இது மறையவும் கூடும். விழுந்துவிட்ட அரிப்பு அப்படி எளிதில் மறையாது.

அந்தப் பெண்ணின் படத்தைத் திறந்ததும் நான் முதலில் போனது ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவுக்கு, அதிலும் கட்டைவிரல் பக்கத்து ஓரத்துக்கு. அடுத்து நடுவிரல் கணு. பிறகு மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனை. பாதமாக இருந்தால் கால் சுண்டுவிரலின் அடி எலும்பு, வெளிப்பக்கம். முடக்குவாதம் விரும்பித் தங்கும் இடங்கள் இவை. ஆள்காட்டி விரல் கணுவில் வெள்ளை மேகம் இருந்தது. டி1 படத்தில் எலும்பின் ஓரத்தில் கறுப்புக் கோடாக ஓட வேண்டிய புறணி, அதாவது எலும்பின் கெட்டியான வெளி ஓடு, ஓரிடத்தில் ஊசிக்காது அகலத்துக்கு அறுந்திருந்தது. உடனே 'அரிப்பு' என்று எழுதிவிட முடியாது. ரத்தக்குழாய் எலும்புக்குள் நுழையும் இயல்பான ஓட்டையும் இப்படித் தெரியும். சிறு நீர்க்கட்டியும் ஏமாற்றும். ஆரோக்கியமானவர்கள் கையிலேயே, வயது ஏற ஏற, இப்படிச் சின்னச் சின்னக் குழிகள் தென்படும். குறை இரண்டு வெவ்வேறு கோணத் தளங்களில் தெரிய வேண்டும், குறைந்தது ஒன்றிலாவது புறணி அறுந்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டிலும் பார்த்தேன். இருந்தது.

ஆய்வுகளில் இதற்கு மதிப்பெண்ணே உண்டு. ராம்ரிஸ் என்ற முறையில் ஒவ்வொரு எலும்பின் அரிப்புக்கும் 0 முதல் 10 வரை, பத்து சதவீத எலும்பு இழப்புக்கு ஒரு மதிப்பெண். மஜ்ஜை நீர்க்கோவைக்கு 0 முதல் 3 வரை. அன்றாட ரிப்போர்ட்டில் நான் எண் போடுவதில்லை. எந்த எலும்பு, எந்தப் பக்கம், புதியதா பழையதா என்று எழுதினாலே சிகிச்சை தரும் மருத்துவருக்குப் போதும்.

படம் எடுக்கும் விதத்தைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. ஆனால் பாதி தவறு அங்கேதான் நடக்கிறது. காந்தப் புலம் மிகச் சீராக இருப்பது இயந்திரத்தின் நட்டநடுவில். கையை அங்கே கொண்டுவர, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வோம். பறக்கும் சூப்பர்மேன் போல இருப்பதால் அதுவே அதன் பெயர். தோள்பட்டையிலும் அழற்சி இருப்பவருக்கு இருபது நிமிடம் அப்படிக் கிடப்பது சித்திரவதை. கை ஒரு நூல் அசைந்தாலும் புறணிக் கோடு மங்கிவிடும். சரி, பாவம் என்று கையை உடம்போடு ஒட்டி வைத்து எடுத்தால், ஓரத்தில் கொழுப்பு முழுமையாக அணையாது. அணையாத கொழுப்பும் வெள்ளையாகத் தெரிந்து நீர்க்கோவைபோல ஏமாற்றும். விரல் நுனிகளில் இந்தப் பொய் வெள்ளையை அடிக்கடி பார்க்கிறேன். 1984-ல் டிக்சன் முன்வைத்த நீர்–கொழுப்புப் பிரிப்பு முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. அந்த வசதியுள்ள இயந்திரத்தில் நான் அதையே கேட்டு வாங்குகிறேன். தோள் வலி இருந்தால் உள்ளே போகும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். வேறு வழி பார்க்கலாம்.

கான்ட்ராஸ்ட் ஊசி எல்லோருக்கும் தேவையில்லை. அரிப்பும் நீர்க்கோவையும் ஊசி இல்லாமலே தெரியும். சவ்வின் அழற்சியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டத்தான் அந்த ஊசியில் இருக்கும் கேடோலினியம் உதவும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

புதிதாக வந்திருப்பவற்றில் என்னை ஈர்ப்பது எலும்பையே நேராகக் காட்டும் முறைகள். கெட்டியான புறணியின் சமிக்ஞை ஒரு மில்லிசெகண்டுக்குள் செத்துவிடும். சாதாரண எம்.ஆர்.ஐ காது கொடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது, அதனால் புறணி கறுப்பு. ஜீரோ எக்கோ டைம் போன்ற முறைகள் அந்தச் சமிக்ஞையை உடனுக்குடன் பிடித்து, சி.டி. ஸ்கேனைப் போன்ற படத்தைக் கதிர்வீச்சு இல்லாமல் தருகின்றன. விரல் மூட்டுக்கு இப்போதைக்கு இது அவசியம் என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பெலும்பும் முதுகின் அடியெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் நல்ல பலன் இருக்கிறது.

அந்த மூட்டைப் பற்றி ஒரு புலம்பல். இளம் வயதில் கீழ்முதுகு வலி, இரவில் கூடும், நடந்தால் குறையும் என்றால் முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியை (ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ்) நினைக்க வேண்டும். ஆனால் சீட்டில் வருவது 'லம்பார் ஸ்பைன் எம்.ஆர்.ஐ'. முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகளைத் தேடி எடுக்கும் அந்தப் படத்தில் இந்த மூட்டு சரியாக விழாது. 'வட்டு நார்மல்' என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புவார்கள். இந்த நோயை வகைப்படுத்தும் 1984-ன் திருத்திய நியூயார்க் விதிகள் எக்ஸ்ரேயில் சேதம் தெரியும்வரை காத்திருக்கச் சொல்லின. 2009-ல் வந்த, ஆசாஸ் என்ற பன்னாட்டு நிபுணர் குழுவின் விதிகள்தான் எம்.ஆர்.ஐயில் தெரியும் அழற்சியைக் கணக்கில் எடுத்தன. இதிலும் பொறி உண்டு. அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் நீண்டதூரம் ஓடுபவர்களுக்கும் நோயே இல்லாமல் அங்கே வெள்ளை தெரியலாம். சீட்டில் அந்த ஒரு வரி இருந்தால் என் ரிப்போர்ட்டே மாறும்.

தையல்காரப் பெண்ணுக்கு, முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். மூட்டு மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்தைத் தொடங்கினார். ஒரு வருடம் கழித்து வேறொரு சந்தேகத்துக்காக மறுபடி வந்தபோது பழைய எம்.ஆர்.ஐ படங்கள் இருந்த சிடி தட்டையும் கொண்டுவந்திருந்தார். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். ஒப்பிட்டேன். வெள்ளை மேகம் போயிருந்தது. ஊசிக்காது அளவுக் குழி அப்படியே இருந்தது, பெரிதாகவில்லை.

"ஆறு மாசத்துக்கு ஒருதடவை எடுத்துப் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நோய் அடங்கியிருந்த 200 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டியவர்களுக்கு, மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானித்தவர்களைவிட எலும்பு கூடுதலாகப் பிழைக்கவில்லை. விரல் மறுபடி விறைத்தால், வீங்கினால் வரச் சொன்னேன். "குழி தூர்ந்துடுமா டாக்டர்?" பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் கெட்டிப்படலாம் என்றேன். சிடியை உறையில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.