மென்பொருளை நிறுவிய பின்னும் கணினி மறுதொடக்கம் கேட்பது ஏன்?

ஒரு மென்பொருளையோ புதுப்பிப்பையோ நிறுவி முடித்ததும், இப்போதே மறுதொடக்கம் செய்யலாமா, பிறகு செய்யலாமா என்று கணினி கேட்கிறது. கணினிப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட நான் பார்க்கும் இயந்திரங்களில் பெரும்பாலும் ‘பிறகு’ என்பதே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிறகு சில வேளைகளில் வாரக்கணக்கில் நீள்கிறது. நிறுவல் முடிந்துவிட்டதாகத் திரையே அறிவித்த பின், திறந்து வைத்த வேலைகளையெல்லாம் மூடிவிட்டு எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மறுதொடக்கம் கேட்கும் நிறுவல் பெரும்பாலும் பாதியில்தான் நிற்கிறது. புதிய கோப்புகள் வட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கணினியோ இன்னும் பழையவற்றைக் கொண்டே இயங்கிக்கொண்டிருக்கிறது.

காரணம் நிரல்கள் இயங்கும் முறையிலேயே இருக்கிறது. ஒரு நிரலைத் திறக்கும்போது அதன் கோப்பு முழுவதும் ஒரே தடவையில் நினைவகத்துக்கு ஏற்றப்படுவதில்லை. அப்போதைக்குத் தேவையான பகுதிகள் மட்டும் வட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன. மற்றவை தேவை எழும்போது எடுக்கப்படுகின்றன. நினைவகத்தில் இடம் போதாதபோது சில பகுதிகள் கைவிடப்பட்டு, பின்னர் அதே கோப்பிலிருந்து மீண்டும் படிக்கப்படுகின்றன. இந்த நிலையில் வட்டிலுள்ள கோப்பை மாற்றி எழுதினால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு நிரல் இயங்கத் தொடங்கி, எங்கே எப்படி முறியும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். ஆகவே விண்டோஸ், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் கோப்பை மேலெழுத விடாமல் பூட்டி வைக்கிறது. ஒரே ஒரு நிரல் பயன்படுத்தும் கோப்பாக இருந்தால் அந்த நிரலை மூடினாலே போதும். டிஎல்எல் எனப்படும் பொது நூலகக் கோப்புகளையோ ஒரே நேரத்தில் பல நிரல்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அவற்றுள் சில, பயனர் உள்நுழைவதற்கு முன்பே தொடங்கி, அணைக்கும் வரை நிற்காத அமைப்புச் சேவைகள்.

மென்பொருளை நிறுவித் தரும் நிரலான ‘நிறுவி’ இங்கே என்ன செய்கிறது? புதிய கோப்பை வேறொரு பெயரில் வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது பழையதை நீக்கி இதை அதன் இடத்தில் வை என்று இயங்குதளத்திடம் சொல்லிவிடுகிறது. இந்தக் காத்திருப்புப் பட்டியல், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். கணினி தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில், மற்ற சேவைகள் எதுவும் அந்தக் கோப்புகளைத் தொடுவதற்கு முன்பே, செஷன் மேனேஜர் என்ற நிரல் அந்தப் பட்டியலைப் படித்து மாற்றங்களைச் செய்து முடிக்கிறது. நிறுவனக் கணினிகளில் மென்பொருளைத் தொலைவிலிருந்து நிறுவுபவர்கள் 3010 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பார்கள். நிறுவல் வெற்றி, ஆனால் மறுதொடக்கம் தேவை என்பதே அதன் பொருள். அந்த எண்ணை வெற்றி என்ற கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது இத்தொழிலில் இருக்கும் எவரும் கைவிட வேண்டிய பழக்கம்.

கெர்னல் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதியும், வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல்களான சாதன இயக்கிகளில் அதனுடன் ஒட்டி இயங்கும் சிலவும் இன்னும் கடினமானவை. மற்ற எல்லா நிரல்களும் இவற்றை நம்பியே இயங்குவதால், இவற்றை மட்டும் நிறுத்திவிட்டு மாற்றுவதற்கு வழியில்லை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும், பாதுகாப்பான பிணைய இணைப்பைத் தரும் விபிஎன் மென்பொருளும் பல வேளைகளில் மறுதொடக்கம் கேட்பதற்கு, அவை இந்த அடித்தளம் வரை இறங்கித் தம் இயக்கிகளைப் பொருத்துவதே காரணம்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். அது பாதி உண்மை. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிய கோப்பை வைக்கலாம். பழைய கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதையே தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும், கடைசி நிரல் விட்டுவிட்ட பிறகே அதன் இடம் வட்டில் விடுவிக்கப்படும். எனவே நிறுவல் தடையின்றி முடிகிறது. ஆனால் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சேவைக்குள் இருப்பது பழைய நூலகம்தான். 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, திருத்தப்பட்ட நூலகத்தை நிறுவினால் மட்டும் போதவில்லை. அதைப் பயன்படுத்தும் இணையச் சேவையகங்களையும் பிற சேவைகளையும் நிறுத்தித் தொடங்கிய பிறகே ஓட்டை அடைபட்டது. விண்டோஸ் பூட்டி வைத்து வெளிப்படையாகக் கேட்கிறது. லினக்ஸ் அமைதியாக விட்டுவிடுகிறது. என் பார்வையில் இரண்டாவதற்கே கூடுதல் கவனம் தேவை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் எந்தச் சேவைகள் பழைய நூலகத்தோடு இயங்குகின்றன என்று காட்டும் நீட்ரீஸ்டார்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. அவற்றின் செய்தியைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது.

தாமதத்தின் விலையைக் காட்ட 2017ஆம் ஆண்டே போதும். விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அந்தத் திருத்தம் கெர்னல் நிலையில் இயங்கும் இயக்கியைச் சார்ந்தது. மறுதொடக்கம் செய்யாத வரை அது நடைமுறைக்கு வராது. புதுப்பிப்பை இறக்கி வைத்துக்கொண்டு மறுதொடக்கத்தைத் தள்ளிப்போட்டவரும், புதுப்பிப்பையே தொடாதவரும் அத்தகைய தாக்குதலின் முன் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்.

“நான் தினமும் இரவில் கணினியை அணைத்துவிடுகிறேனே” என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. இது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், பயனரின் நிரல்கள் மூடப்படுகின்றன. கெர்னலும் இயக்கிகளும் இருக்கும் நிலை அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே திரும்ப ஏற்றப்படுகிறது. அதாவது நாள்தோறும் அணைத்து எழுப்பினாலும், உள்ளே இருப்பது பல நாட்களுக்கு முன் தொடங்கிய அதே கெர்னலாக இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. சில புதுப்பிப்புகளின் நிறுவல் இந்த வசதியால் முடியாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைத் தேர்ந்தெடுத்து, ‘அப் டைம்’ என்ற இடத்தைப் பாருங்கள். நேற்றிரவு அணைத்த கணினி பல நாட்களாக இயங்குவதாக அங்கே காட்டினால் காரணம் இதுதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணையும். எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினிகளில் இந்த வசதியால் மிச்சமாகும் நேரம் சொற்பமே. அதை நிரந்தரமாக நிறுத்தி வைப்பதே மேல் என்பது என் கருத்து.

எல்லா மறுதொடக்கக் கோரிக்கைகளும் ஒரே அளவுக்கு அவசியமானவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 95 காலத்தில் பிணைய முகவரியை மாற்றினால்கூட மறுதொடக்கம் தேவைப்பட்டது. விண்டோஸ் 2000 அத்தகைய கட்டாயங்களில் பலவற்றை நீக்கியது. விஸ்டாவுடன் வந்த ரீஸ்டார்ட் மேனேஜர், கோப்பைப் பிடித்திருக்கும் நிரல்களை மட்டும் மூடித் திறக்கும் வழியைத் தந்தது. இன்றும் சில நிறுவிகள் எந்தக் கோப்பும் பூட்டப்படாதபோதும் முன்னெச்சரிக்கையாக மறுதொடக்கம் கேட்கின்றன. ஓர் எழுத்துருவோ சிறிய பயன்பாடோ கேட்டால் மாலை வரை காத்திருக்கலாம். இயங்குதளப் பாதுகாப்புப் புதுப்பிப்போ, நச்சுநிரல் தடுப்போ கேட்டால், கையிலுள்ள வேலையைச் சேமித்துவிட்டு அன்றே செய்துவிட வேண்டும். மறுதொடக்கமே இல்லாமல் திருத்தங்களைப் பொருத்தும் ஹாட்பேட்ச் முறை விண்டோஸ் 11இன் நிறுவனப் பதிப்புக்கு 2025இல் வந்திருக்கிறது. அதிலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அடிப்படைப் புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும்.

மறுதொடக்கம் நடந்துகொண்டிருக்கும்போது, திரை நெடுநேரம் ஒரே சதவீதத்தில் நிற்கிறது என்பதற்காக மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். கோப்புகள் இடம் மாறிக்கொண்டிருக்கும் நேரம் அது. மடிக்கணினியாக இருந்தால் மின் இணைப்பில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நச்சுநிரல் தடுப்பை நீக்கி இன்னொன்றை நிறுவும்போது, இரண்டுக்கும் இடையே ஒரு மறுதொடக்கம் செய்யுங்கள். முந்தையதன் இயக்கிகள் அதுவரை நினைவகத்தில் இருக்கக்கூடும். முடிக்கப்படாத மறுதொடக்கம் அடுத்த நிறுவலையும் தடுக்கலாம்: மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் நிறுவி, காத்திருப்பில் மறுதொடக்கம் உள்ளதா என்று முதலில் சோதித்து, இருந்தால் மேலே போக மறுக்கிறது. மறுதொடக்கம் செய்த பின்னும் அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தால், ஏதோ ஒரு மென்பொருள் ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்தக் காத்திருப்புப் பட்டியலில் புதிய வரியைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காக விண்டோஸையே அழித்து மீண்டும் நிறுவத் தேவையில்லை. பட்டியலில் எந்தக் கோப்பின் பெயர் இருக்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொன்னால், எந்த மென்பொருளைச் சரிசெய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.