சோறு ஏன் பழுப்பாக இருந்தது?

தோக்கியோவின் கிழக்கில் நிஷி-கசாய் என்று ஓர் இடம், இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. அங்கே குடிவந்த நாளிலிருந்து ஏழு வருடமாக நான் சுஷி சாப்பிட்டது ஒரே கடையில்தான். தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் 'கைட்டென்' கடை அது. போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் விடாப்பிடியாக வேறொரு கடைக்குக் கூட்டிப்போனார். எட்டே நாற்காலிகள், நீளமாக ஒரு மரப்பலகை, அதற்குப் பின்னால் வயதான தைஷோ. இப்படிப்பட்ட சிறிய கடைகளின் தலைமைச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதல் துண்டிலேயே எனக்கு மூன்று குறைகள் தெரிந்தன. சோறு பழுப்பாக இருந்தது. அது முழுக்க ஆறவும் இல்லை. மீனைப் பற்றித் தைஷோவே சொன்னார்: "இது நேற்று அறுத்த ஹிராமே. இன்றைக்குத்தான் ருசி வந்திருக்கிறது." பழைய மீனைப் பெருமையாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான் மூன்றுக்கும் காரணம் புரிந்தது.

முதலில் நிறம். இன்று உலகம் முழுவதும் தெரிந்த நிகிரி சுஷி, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு, 1820களில் எடோ நகரத்தில் பரவியது. எடோதான் இன்றைய தோக்கியோ. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பார்கள். அந்தக் காலத்து மலிவு வினிகர், அரிசி மதுவான சாகே பிழிந்த பின் மிஞ்சும் சக்கையிலிருந்து வந்தது. ஹண்டா ஊரில் நகானோ மட்டஸாஎமோன் என்பவர் 1804இல் இதைத் தொழிலாகவே தொடங்கினார். சக்கையை வருடக்கணக்கில் மூடி வைத்தால் அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெதுவாகக் கூடிப் பழுப்பேறும். தோசை முறுகும்போது சில நிமிடங்களில் நடக்கும் மெய்யார்டு வினைதான் இது. அங்கே சூடு செய்வதை இங்கே காலம் செய்கிறது. அந்தச் சிவப்பு வினிகரின் பெயர் அகாஸு. வெள்ளை அரிசி வினிகர் பரவிய பிறகு அது ஒதுங்கிப்போனது. சில கடைகள் மட்டும் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. நான் கறை என்று நினைத்த நிறம்தான் நிகிரியின் பழைய நிறம்.

அடுத்தது சூடு. நம் வீட்டுச் சோற்றை வைத்தே இதைப் பார்க்கலாம். அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு: நீளச் சங்கிலி போன்ற அமைலோஸ், கிளை விட்டுப் படரும் அமைலோபெக்டின். பொன்னி போன்ற நம் அரிசிகளில் அமைலோஸ் அதிகம். அதனால் சோறு உதிரி உதிரியாக நிற்கும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அது குறைவு, அதனால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, வெந்தபோது நீரை உறிஞ்சி விரிந்த மூலக்கூறுகள் ஆறியதும் மறுபடி வரிசைகட்டி இறுகுவது. இது மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில்தான். ராத்திரிச் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தால் விறைத்துக் கிடக்கிறதே, அதுதான்.

அதனால் நல்ல கடைகளில் சோற்றை உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சூரை மீனின் வயிற்றுக் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே இளகக்கூடியது. வெதுவெதுப்பான சோற்றின் மேல் உட்கார்ந்ததும் அது நெகிழத் தொடங்கும். தைஷோ பிடித்த துண்டைத் தட்டில் வைத்ததும் உற்றுப் பார்த்தேன். சோறு கொஞ்சம், மிகக் கொஞ்சமாக, உள்ளே அமுங்கி உட்கார்ந்தது. பருக்கைகளுக்கு நடுவே காற்று விட்டுப் பிடித்திருக்கிறார். வாயில் போட்டால் கடிக்காமலே உதிர்ந்துவிடுகிறது.

என் பழைய கடைச் சோறு இனிப்பானது. அதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சோறு விறைப்பது தள்ளிப்போகும். பெல்ட்டில் கொஞ்ச நேரம் சுற்ற வேண்டிய சோற்றுக்கு, பார்சலில் வீடு வரை போக வேண்டிய சோற்றுக்கு, அது தேவை.

இப்போது மீன். "மீன் எவ்வளவு புதுசோ அவ்வளவு ருசி" என்று நம்பியே வளர்ந்தோம். குழம்புக்கு அது சரி. பச்சையாகச் சாப்பிடும் மீனுக்குக் கணக்கு வேறு.

உயிரோடிருக்கும் மீனின் தசையில் ஆற்றலைச் சுமக்கும் பொருள் ஏ.டி.பி. மீன் இறந்த பிறகு புதிய ஏ.டி.பி. உண்டாவது நின்றுபோகும், இருப்பதை நொதிகள் படிப்படியாக உடைக்கும். ஏ.டி.பி. தீரத் தீரத் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விட முடியாமல் நிற்கும்; மீன் விறைக்கும். அப்போது கடித்தால் நறுக்கென்று இருக்கும், ருசி மட்டும் கம்மி. அதே உடைப்பு வரிசையில்தான் இனோசினிக் அமிலம் சேர்கிறது. உமாமி, அதாவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போல் தனியாக எண்ணப்படும் ஐந்தாவது சுவை கொண்ட பொருள் இது. 1913இல் கொதாமா ஷின்தாரோ, கட்ஸுஒபுஷி என்னும் உலர்த்திய சூரை மீனில் இதன் சுவையைக் கண்டறிந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு இகேதா கிகுனாஏ கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்ற அமினோ அமில வகைப் பொருளைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்திருந்தார். இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே சூரையை வேகவைத்து, புகையிட்டு, காயவைத்ததுதான். ஒரு சிட்டிகை மாசி மொத்தச் சம்பலையும் தூக்கி நிறுத்துவதை நினைத்துக்கொண்டால் இந்த அமிலத்தின் வேலை புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: குளுட்டமேட்டும் இனோசினிக் அமிலமும் சேர்ந்தால் சுவை கூட்டலாக ஏறாது, பல மடங்காகப் பெருகும். நாக்கில் உமாமியை உணரும் ஏற்பி, பூச்சியைப் பிடிக்கும் செடியின் இலை போல மடங்கும் அமைப்புடையது. குளுட்டமேட் உள்ளே உட்கார்ந்ததும் அது மூடுகிறது. பக்கத்தில் இனோசினிக் அமிலமும் வந்து சேர்ந்தால் மூடியது திறக்காமல் இறுகி நிற்கிறது. மீனில் இனோசினிக் அமிலம் இருக்கிறது, சோயா சாஸில் குளுட்டமேட். சிவப்பு வினிகரிலும் சக்கையிலிருந்து வந்த அமினோ அமிலங்கள் உண்டு. தைஷோ ஒரு நாள் காத்திருந்ததும் சோறு பழுப்பாக இருந்ததும் ஒரே நோக்கத்துக்காக.

காத்திருப்பதற்கு எல்லையும் உண்டு. இனோசினிக் அமிலமும் உடைந்து இனோசின் ஆகும், பிறகு கசக்கும் ஹைபோசாந்தின் ஆகும். ஏ.டி.பி.யும் அது உடைந்து வந்த பொருள்களும் சேர்ந்த மொத்தத்தில் இந்தக் கடைசி இரண்டும் எத்தனை சதவீதம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் 'கே மதிப்பு' என்ற அளவாக்கினார்கள். 20 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சையாகச் சாப்பிட உகந்தது என்பது பொதுவான கணக்கு. பிடித்த மீன் துள்ளித் துள்ளிச் செத்தால் ஏ.டி.பி. அதிலேயே செலவாகிவிடும். அதனால்தான் 'இகெஜிமே' முறையில் மூளையை ஒரே குத்தில் செயலிழக்கச் செய்து, ரத்தத்தை வடித்துவிடுகிறார்கள். மிச்சமாகும் ஒவ்வொரு துளி ஏ.டி.பி.யும் பின்னால் ருசியாக வரும். ஒன்று மட்டும்: இதெல்லாம் மீனைக் கையாளத் தெரிந்தவர்களின் வேலை. அனிசாகிஸ் போன்ற புழுக்கள் வினிகருக்குச் சாகாது. வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

சரி, இவ்வளவு யோசித்துச் செய்த உணவு முதல் கடியில் ஏன் தப்பாகத் தெரிந்தது? 1990களில் மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அணுக்கள் வேகமாகத் துடித்தன. எதிர்பார்த்த சாறு அப்படியே வந்தால் மாற்றமில்லை. எதிர்பார்த்தும் வராமல் போனால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஏழு வருடமாக ஒரே சோற்றுக்குப் பழகிய எனக்கு இனிப்பும் வெண்மையும் வந்தாக வேண்டும், வரவில்லை. ருசி அங்கே இருந்தாலும், வராத ஒன்றைத்தான் மூளை முதலில் எண்ணியது என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை போனபோது பழுப்புச் சோற்றை எதிர்பார்த்தே உட்கார்ந்தேன். அன்றுதான் ஹிராமேயின் ருசி நாக்கில் நின்றது.

அப்புறம், போன ஞாயிற்றுக்கிழமை பழைய கடைக்கும் போனேன். அதே இருக்கை, அதே சூரை மீன் தட்டு. வாயில் போட்டதும் சோறு நன்றாக இனித்தது. ஏழு வருடத்தில் அந்த இனிப்பு எனக்குத் தெரிந்தது அன்றுதான்.