கேட்கும் செல் திருப்பி அனுப்பும் செய்தி

“கஞ்சா எண்ணெய் கொடுத்தால் என் மகனுக்கு ஆட்டிசம் சரியாகிவிடுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பையன் இரவெல்லாம் தூங்குவதில்லை, கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதைப் போக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் தூக்கமின்மை, எரிச்சல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சிலருக்குக் கூடவே வரும் வலிப்பு, இவை குறையுமா என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

கஞ்சாவிலுள்ள வேதிப்பொருள்களில் போதை தருவது டிஎச்சி. இன்னொன்றான சிபிடி போதை தராது. ஆட்டிசத்துக்காகச் சோதிக்கப்படும் எண்ணெய்களில் பெரும்பங்கு அதுதான். டிஎச்சியை 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். மூளைச் செல்களில் அது சாவி போலப் போய்ப் பொருந்தும் பூட்டான சிபி1 ஏற்பி 1988-ல் தெரியவந்தது. ஒரு செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? உடலுக்குள்ளேயே சாவி இருக்க வேண்டுமே! 1992-ல் அது கிடைத்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நமக்குத் தெரிந்த அதே ‘ஆனந்தம்’தான். அப்புறம் 2-ஏஜி என்ற இன்னொரு சாவியும் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் செய்தி ஒரே திசையில் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். 2-ஏஜி எதிர்த்திசையில் போகிறது! முதல் செல் விடாமல் செய்தி அனுப்பினால், கேட்கும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. ஏறியதும் அந்தச் செல் தன் சவ்விலுள்ள கொழுப்பை வெட்டி, அப்போதைக்கப்போது 2-ஏஜி செய்கிறது. அது இடைவெளியைத் தாண்டி, அனுப்பிய செல்லின் சிபி1 ஏற்பியில் போய் உட்காருகிறது. உடனே அங்குள்ள கால்சியம் வாயில்கள் அடைபட, செய்திப்பொருள் வெளியேறுவது குறைகிறது. ‘போதும், கொஞ்சம் மெல்லப் பேசு’ என்று கேட்பவரே சொல்வது போல. சொல்லி முடித்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. 2001-ல் தனித்தனிக் குழுக்கள் இதைக் காட்டியபோது, ஒருவழிப் பாதை என்று நினைத்தது இருவழிப் பாதையானது.

எந்தச் சந்திப்பில் இரைச்சலோ, அங்கே மட்டும், அந்தக் கணத்துக்கு மட்டும் இந்த அடக்கம் நடக்கிறது. டிஎச்சிக்கு அந்த நிதானம் இல்லை. எல்லாச் சந்திப்புகளிலும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். சிபி1 மற்ற செல்களை அடக்கி வைக்கும் செல்களிலும் இருப்பதால், அடக்குபவர்களின் வாயையும் சேர்த்து மூடிவிடும். வளரும் மூளைக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

சிபிடி வேறு வகை. சிபி1-ல் அது சரியாகப் பொருந்துவதே இல்லை. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பி உட்படப் பல இடங்களில் லேசாகக் கைவைக்கிறது. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்கா தூய சிபிடியை மருந்தாக ஏற்றது.

ஆட்டிசத்துக்கு? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஆனந்தமைடு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதுவே காரணம் என்று ஆகிவிடாது. இஸ்ரேலில் 5 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் நடந்த சோதனை 2021-ல் வெளியானது. முழுச்செடிச் சாறு எடுத்தவர்களில் 49 சதவீதத்தினரின் நடத்தைச் சிக்கல்கள் நன்றாகக் குறைந்தன. வெற்று மருந்து எடுத்தவர்களில் 21 சதவீதம். ஆனால் ஆய்வின் இரண்டு முதன்மை அளவுகோல்களில் இது ஒன்றுதான்; மற்றொன்றில் வித்தியாசம் தெரியவில்லை. நம்பிக்கை தருகிறது, நிரூபணம் ஆகவில்லை. இன்னும் பெரிய சோதனைகளுக்கு அரசுகள்தான் பணம் ஒதுக்க வேண்டும். கஞ்சா என்றாலே முகம் சுளிப்பதும், மூலிகைதானே என்று கண்ணை மூடிக் கொடுப்பதும், இரண்டுமே இந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

வாசகிக்கு ஒரு வார்த்தை: மகன் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், எண்ணெய் பற்றி யோசிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். குளோபஜாம் என்ற வலிப்பு மருந்து உடலில் மாறி உண்டாகும் விளைபொருளின் அளவை சிபிடி ரத்தத்தில் ஏற்றிவிடும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துடன் சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.