வால்வில் காற்று இல்லை, உள்ளே இருக்கிறது

ஒரு சனிக்கிழமை காலை, கடையைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி வந்தார். சைக்கிள் இல்லை, கையில் ஒரு சொப்பிங் பை மட்டும். அதற்குள் பழைய துவாயில் சுற்றிய ஒரு பின் சொக், சைக்கிளின் பின்பக்கக் குலுக்கலைத் தாங்கும் சாமான்.

“காத்தெல்லாம் எறக்கிட்டேன் அண்ணே. இந்த மூடி மட்டும் கழருதில்ல. ஒங்ககிட்ட பெரிய வைஸ் இருக்கும்னு சொன்னாங்க.”

வாங்கிப் பார்த்தேன். காற்றுக் குழலைச் சுற்றி, அதாவது காற்றை அடைத்து வைக்கும் அந்த வெளி மூடியைச் சுற்றி, பைப் ரெஞ்சின் பல் பதிந்திருந்தது. குழல் அரைச் சுற்றுத் திரும்பியும் இருந்தது. அதைவிட முக்கியம், தண்டு முழுக்க உள்ளே போய் 15 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன்.

“இதை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?”

“பஸ்ல. மடியில வச்சுக்கிட்டு.”

அந்தச் சொக் வெடிக்கக் காத்திருந்த ஒன்று. கொழும்பில் இப்போது பின் சொக் உள்ள நல்ல மவுண்டன் பைக்குகள் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிளுக்கு வந்த மவுசில், வெளிநாட்டில் ஓடிக் கழித்த சைக்கிள்களும் நிறையவே புழக்கத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் யூரியூப்பைப் பார்த்துத் தாங்களே கழற்றுகிறார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படிக் கழற்றித்தான் கற்றேன். ஆனால் ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

காற்றுச் சொக்கின் உள்ளே அறை ஒன்றல்ல, இரண்டு. நீங்கள் பம்ப் வைத்து அடிக்கும் காற்று பெரிய அறைக்குப் போகிறது. அது சொக்கை வெளியே தள்ளும். பிஸ்டனுக்கு மறுபக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதிலுள்ள காற்று சொக்கை உள்ளே இழுக்கும். சொக்கின் தொடக்க அசைவு மென்மையாக, முரண்டு பிடிக்காமல் இருப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். தண்டு ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது, அங்கே இருக்கும் சின்னப் பள்ளம் வழியாகக் காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் இரண்டும் சமமாகும். மற்ற நேரமெல்லாம் இரண்டையும் பிரிப்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு றப்பர் சீல் மட்டும்தான்.

அந்தச் சீல் தேய்ந்தாலோ கிழிந்தாலோ, பெரிய அறையின் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன அறைக்குள் கசிந்துவிடும். பிறகு சின்ன அறை இழுக்கும் இழுவையில் தண்டு உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் வால்வை அழுத்தினால் வெளியேறுவது பெரிய அறையின் காற்று மட்டுமே. சின்ன அறைக்கு வெளிப்பக்கம் வால்வு இல்லை. “புஸ்” என்ற சத்தம் அடங்கியதும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக் குழலைத் திருகத் தொடங்குகிறோம்.

அந்தக் காற்றின் பலம் எவ்வளவு? கார் ரயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ. பின் சொக்கில் 150, 200, சிலருக்கு அதற்கும் மேல். பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை இறாத்தல் என்பது. பாண் வாங்கும்போது சொல்கிறோமே, அதே இறாத்தல்தான். 150 பிஎஸ்ஐ இரண்டு சதுர அங்குலத்தைத் தள்ளினால் 300 இறாத்தல், ஏறக்குறைய 136 கிலோ. திருகின் கடைசிப் புரி விடும்வரை சொக் சாதுவாகக் கிடக்கும். விட்டதும் அவ்வளவு பாரமும் ஒரே கணத்தில் அந்தக் குழலைத் தள்ளும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் சரியாக அந்த வழியில்தான் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தொழில் பழகிய காலத்தில் ஒரு குழல் என் கையை விட்டுப் போனது. காதுக்குப் பக்கத்தால் போய் மேலே அஸ்பெஸ்டஸ் சீற்றில் அடித்தது. சீற்றில் விழுந்த ஓட்டை வழியாக அந்த மழைக்காலம் முழுக்க வேலை மேசையில் தண்ணீர் சொட்டியது. கீழே ஒரு வாளி வைத்துக்கொண்டு வேலை செய்தோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வாளியை என்னிடமே ஊற்றச் சொன்னார்.

சரி, சொக் இறங்கிக் கிடந்தால் என்ன செய்வது? முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீல் நன்றாக இருக்கும்போதும், வால்வை ஒரேயடியாக அழுத்திக் காற்றை வேகமாக இறக்கினால் சொக் உள்ளே போய்விடும். சின்ன அறைக் காற்றுக்குச் சமமாக நேரம் கிடைக்காததுதான் காரணம். அப்படியானால், சொக் சைக்கிளில் பூட்டியபடியே இருக்க, சொக் பம்பால் திரும்ப அடியுங்கள். பெரும்பாலும் மெல்ல வெளியே வந்துவிடும். சொக்கிலோ அதன் கையேட்டிலோ போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். நன்றாக அடித்தும் தண்டு வெளியே வரவில்லையா? அதோடு நிறுத்துங்கள். வைஸும் வேண்டாம், பைப் ரெஞ்சும் வேண்டாம். அது வீட்டில் திறக்கும் சாமான் இல்லை. அந்தத் தம்பியின் சொக்கை நான் எப்படித் திறந்தேன் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கென்று அடித்து வைத்த இரும்புப் பிடி ஒன்று கடையில் இருக்கிறது. அதைப் பூட்டும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள சொக்குக்குக் காற்றுக் குழல் சேர்விஸ் செய்வது வேறு கதை. பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இடையிடையே இருக்கையை அமுக்கி விட்டு, மீண்டும் இறக்கி, மீண்டும் அமுக்கி, இரண்டு அறையும் காலியாகும்வரை செய்ய வேண்டும். பிறகு சொக்கைக் கழற்றி, அதன் கண்ணுக்குள்ளே, அதாவது முனையில் போல்ற்று போகும் துளைக்குள்ளே, ஒரு தடித்த துணியை நுழைத்து விட்டுத் திருகலாம். மிச்சக் காற்று ஏதும் இருந்தாலும் துணி குழலை மறிக்கும். ஆனால் எண்ணெய் இருக்கும் பகுதியை, அதாவது டாம்பரை, தொடவே வேண்டாம். அதற்குள் மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் சில நூறு பிஎஸ்ஐயில் நைதரசன் அடைத்திருக்கிறது. அது என் மாதிரி ஆட்களுக்கே பிரத்தியேக ஆயுதங்கள் இல்லாமல் முடியாத வேலை.

எப்போது செய்ய வேண்டும்? சொக் செய்யும் இரண்டு கம்பெனிகள் சொல்வதைப் பாருங்கள். ரொக்‌ஷொக்ஸ் காற்றுக் குழலுக்கு 50 மணித்தியாலம் என்கிறது. ஃபொக்ஸ் முழுச் சேர்விஸுக்கு 125 மணித்தியாலம் அல்லது ஒரு வருடம் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவிசாவளைப் பக்கம் றப்பர் தோட்டங்களுக்குள் மூன்று மணித்தியாலம் ஓடுபவருக்கு 50 மணித்தியாலம் என்பது நான்கு மாதம். என்னிடம் வருபவர்களில் நான்கு வருடமாகத் திறக்காமல் ஓடியவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் இருந்து வரும் எண்ணெயைப் பார்த்தால் பால் தேத்தண்ணியேதான், அதே நிறம், அதே நுரை. தண்ணீர் போயிருக்கிறது. மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் கொடுத்துப் பிரஷர் துப்பாக்கியால் செம்மண்ணை அடித்துக் கழுவியதன் பலன் அது. வாளித் தண்ணீரும் துணியும் போதும். வெள்ளவத்தை மெரைன் டிரைவ் பக்கம் சைக்கிளை வெளியே நிறுத்துபவர்கள் சொக் போல்ற்றுகளையும் வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கிறீஸ் பூசி வையுங்கள். உப்புக் காற்று இரும்பு போல்ற்றை அலுமினியத்தோடு ஒட்ட வைத்தால், பிறகு சுத்தியல்தான் பேசும்.

“சொக் போயிட்டுது, புதுசு போடுங்க” என்று வருபவர்களில் பலருக்குப் புதுச் சொக் தேவையே இல்லை. இருக்கையைப் பிடித்து லேசாகத் தூக்கி விட்டு, சொக்கின் கண்ணில் விரல் வைத்துப் பாருங்கள். “டக் டக்” என்று தட்டுகிறதா? அது கண்ணுக்குள் இருக்கும் புஷ். ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். இன்னும் சிலர் தினமும் பம்ப் வைத்துப் பார்த்து, தினமும் காற்றுக் குறைகிறது என்கிறார்கள். பம்பைப் பூட்டும்போதே சொக்கின் காற்றுக் கொஞ்சம் பம்புக் குழாய்க்குள் போகும், அதனால் எண் குறைந்துதான் காட்டும். சந்தேகம் என்றால் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பெற்றோல் செட் காற்றை மட்டும் இதற்குப் பாவிக்க வேண்டாம். வால்வு பொருந்தும் என்பது உண்மை, ஆனால் அவ்வளவு சின்ன அறைக்குள் அதை அளந்து அடிக்க முடியாது.

சொக் இறங்கி ஏறும்போது உள்ளே “சளக் சளக்” என்று சத்தம் கேட்டால், எண்ணெயும் காற்றும் கலந்துவிட்டன என்று அர்த்தம். அது டாம்பர் வேலை. தண்டில் உள்ள கீறல் நகத்தில் மாட்டினால் புதுச் சீல் போட்டும் பிரயோசனமில்லை, அது சீலை மறுபடி அரைத்துவிடும். அப்போது மட்டும்தான் நான் மாற்றச் சொல்வேன்.

மாற்றுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சொக்குக்கு இரண்டு அளவு: கண்ணுக்குக் கண் நீளம், தண்டு ஓடும் தூரம். முன்பு எல்லாம் அங்குலக் கணக்கு, 200க்கு 57 மில்லிமீற்றர் மாதிரி. 2016 இல் மெட்ரிக் அளவுகள் வந்தன, 210க்கு 55 மாதிரி. ட்ரனியன் என்ற வகையில் மேல் கண்ணே கிடையாது, இரண்டு பக்கமும் போல்ற்று நேரே சொக்கின் உடம்புக்குள் போகும், நீளம் 25 மில்லிமீற்றர் குறையும். “ஒரு சென்ரிமீற்றர்தானே அண்ணே” என்பார்கள். பின் சில்லு 140 மில்லிமீற்றர் ஏற, சொக் 55 தான் ஓடுகிறது. அதாவது சொக்கில் ஒன்று கூடினால் சில்லில் இரண்டரை. ஓடும் தூரம் கூடிய சொக்கைப் போட்டால், பெரிய பள்ளத்தில் ரயர் இருக்கைக் குழாயில் போய் மோதும். பிறேம் வளைந்த பிறகு சொக்கின் விலை ஒரு கணக்கே இல்லை.

டாம் வீதியில் வாங்கும் சாதாரண டபுள் சொக் சைக்கிள்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். பின்னால் இருப்பது வெறும் ஸ்பிரிங்கும் ஒரு தண்டும். துளைக்குத் துளை நீளத்தை அளந்து, ஸ்பிரிங்கில் எழுதிய எண்ணையும் பார்த்து அதையே போடுங்கள்.

சீல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காத ஓரிங்கே, அதாவது வட்ட றப்பர் வளையமே இல்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசையாமல் இருக்கும் இடத்து ஓரிங் வேறு, ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் சீல் வேறு. அளவு பொருந்தினாலும் றப்பரின் கடினமும் வெட்டுமுகமும் பொருந்தாது. ஃபொக்ஸ் சொக்கில் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும், ரொக்‌ஷொக்ஸில் தொடரிலக்கம் இருக்கும். அதைப் படம் எடுத்துக் காட்டினால் சரியான சீல் கிற்றைத் தேடித் தரலாம்.

தம்பியின் சொக்கைத் திறந்தபோது உள்ளே இருந்தது அப்படிப்பட்ட ஓரிங்தான். முன்பு வைத்திருந்தவர் யாரோ போட்டது, ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நல்லவேளை, குழலின் புரி கெடவில்லை, தண்டிலும் கீறல் இல்லை. புதுக் கிற் போட்டேன். அடுத்த சனி சைக்கிளோடு வந்தார். ஆள் 62 கிலோ, அதாவது 137 இறாத்தல். உடம்பின் பாரம் எத்தனை இறாத்தலோ அத்தனை பிஎஸ்ஐ என்று தொடங்குவது வழக்கம். அடித்து, ஏறி நிற்கச் சொன்னோம். தண்டில் உள்ள வளையம் 20 மில்லிமீற்றர் இறங்கியது. ஆள் ஏறினால் தண்டு ஓடும் தூரத்தில் முப்பது வீதம் அளவில் இறங்க வேண்டும். இந்தச் சொக்கின் 57 இல் முப்பது வீதம் என்றால் 17. பத்துப் பிஎஸ்ஐ கூட்டினோம், 16 இல் நின்றது. போதும் என்றேன்.

வாங்கிய நாளில் இருந்தே அந்தச் சொக் இறங்கித்தான் கிடந்திருக்கிறது. “இது தாழ்ந்த மொடல்” என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். தம்பி ஏறி இருந்து பார்த்தார், கால் நிலத்தில் எட்டவில்லை.

“சைக்கிள் ஒசந்திருச்சே அண்ணே.”

இருக்கையை இரண்டு விரல் அளவு இறக்கிக் கொடுத்தேன்.