ரெஸ்டோமாட்: மறுகற்பனை அல்ல, புதுக்கம்

"சிங்கர் நிறுவனத்தால் மறுகற்பனை செய்யப்பட்ட போர்ஷே 911." போன வாரம் ஒரு தமிழ்க் காணொளியில் இப்படிக் கேட்டேன். இதோடு மூன்றாவது முறை. இப்படியே விட்டால் 'மறுகற்பனை' நாளைக்கு அகராதியிலும் ஏறிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய காரை எடுத்து, அதன் தோற்றத்தின் அழகைக் காப்பாற்றி, எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாவற்றையும் இன்றைய தரத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்டோமாட்' என்று பெயர். ரெஸ்டரேஷன், மாடிஃபிகேஷன் இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல். முன்னதற்கு வேர், பழையபடி ஆக்குவது என்ற பொருளுள்ள லத்தீன் வினை. பின்னதற்கு வேர், அளவைக் குறிக்கும் 'மோதுஸ்'. பிறப்பு இவ்வளவுதான். சிக்கல் தமிழில்தான்.

சிங்கர் செய்யும் வேலையைப் பார்த்தால் சிக்கல் புரியும். கலிஃபோர்னியாவில் 2009இல் ராப் டிக்கின்சன் தொடங்கிய நிறுவனம் அது. அவர் ராக் இசைக்குழுவில் பாடியவர். உரிமையாளர் ஒரு 964 வகை 911ஐக் கொண்டுவருவார். 1989 முதல் 1994 வரை வந்த வண்டி அது. அதைக் கடைசி ஆணி வரை கழற்றுவார்கள். இரும்புத் தகடுகள் போய்ப் பெரும்பாலும் கார்பன் ஃபைபர் வரும். 3.6 லிட்டர் எஞ்சின் 4 லிட்டர் வரை பெரிதாகும், ஆனால் காற்றில் குளிரும் எஞ்சினாகவே இருக்கும். உள்ளே இருக்கும் பழைய இரும்புக் கூடு மட்டும் தங்கும். வெளியே வரும்போது 1990இல் பிறந்த வண்டி 1970இல் பிறந்ததுபோல நிற்கும். அதாவது, தன் வயதைவிட இருபது வருஷம் மூத்த முகம். அதனால் இதைப் பழையபடி ஆக்கியது என்றும் சொல்ல முடியாது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு பழையபடி இருந்ததே இல்லை.

சரி, காணொளிக்காரர் 'மறுகற்பனை' ஆக்கிய 'ரீஇமேஜின்ட்' என்ற சொல்லைச் சிங்கர்காரர்கள் ஏன் சொல்கிறார்கள்? போர்ஷே இன்னொருவரின் வணிகப் பெயர். நாங்கள் கார் தயாரிக்கவில்லை, வாடிக்கையாளரின் காரைத்தான் அவர் விருப்பப்படி செய்து தருகிறோம் என்பது அவர்கள் நிலை. தயாரித்தோம் என்ற சொல்லைத் தொடாமல் செய்த வேலையைச் சொல்ல அந்தச் சொல் கைகொடுக்கிறது. இதைக் கவிதை என்று எடுத்துக்கொண்டு 'ரீ'க்கு மறு, 'இமேஜின்'க்குக் கற்பனை என்று போட்டுவிட்டால் மொழிபெயர்ப்பு ஆகிவிடுமா?

தமிழில் கற்பனை என்றால் இல்லாததை நினைப்பது. கற்பனைக் கதை நடக்காத கதை. "எல்லாம் உன் கற்பனை" என்று திட்டினால் அப்படி எதுவுமே இல்லை என்று பொருள். விவிலியத் தமிழில் கற்பனை என்பது கட்டளை, பத்துக் கற்பனைகள் என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டில் எது ஒரு காருக்குப் பொருந்தும்? பட்டறையில் மாதக்கணக்கில் தகடு தட்டி, பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் வண்டியைக் கற்பனை என்பது அந்தக் கைகளை மதிக்காத பேச்சு. 'மறு'வும் இங்கே சரியாக உட்காரவில்லை. மறுநாள் இன்னொரு நாள், மறுமணம் இன்னொரு மணம். அப்படியானால் மறுகற்பனை என்பது இன்னொரு கற்பனை. பழைய கார் அதில் எங்கே இருக்கிறது? இந்த வேலையின் உயிரே பழையது உள்ளே தங்குவதுதான். அப்புறம் அந்த 'செய்யப்பட்ட'. செய்தவன் பெயர் தெரிந்திருக்கும்போதும் செயப்பாட்டு வினைக்கு ஓடுவது இன்றைய மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தீராத நோயாகிவிட்டது.

செய்தித்தாள்களோ 'மறுசீரமைப்பு' என்கின்றன. மாநில மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு எல்லாம் சரி. ரெஸ்டரேஷனுக்கும் ரெஸ்டோமாடுக்கும் அதே ஒரு சொல்லைப் போட்டால் ஆபத்து. 2021இல் இந்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ் என்ற அடிச்சட்டம், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ரெஸ்டோமாட் இந்த விதிக்குள் வராது, ஒழுங்கான ரெஸ்டரேஷன் வரும். இரண்டையும் மறுசீரமைப்பு என்று படித்துவிட்டுத் தாத்தாவின் காரில் புது எஞ்சின் ஏற்றுகிறவருக்கு யார் பதில் சொல்வது?

ரெஸ்டரேஷனுக்கு 'மீட்டமைப்பு' போதும். ரெஸ்டோமாடுக்கு நான் சொல்வது 'புதுக்கம்'. புதுக்கு என்ற வினை நம்மிடம் பழையது. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் புதுக்குப்புறம் என்கின்றன. பழையது இருந்தால்தான் புதுக்க முடியும், புதுக்கினால் அது முன்புபோல இராது. ரெஸ்டோமாடின் இரண்டு பாதியும் ஒரே வினையில் இருக்கின்றன. 'புதுப்பித்தல்' ஏன் கூடாது என்றால், லைசென்ஸ் புதுப்பித்து அது தேய்ந்துவிட்டது. முதலில் 'புதுக்கல்' என்றுதான் எழுதிவந்தேன். புதிய கல் என்று படிக்கிறார்கள், விட்டுவிட்டேன். அடக்கு அடக்கம், இறக்கு இறக்கம், அதே வழியில் புதுக்கு புதுக்கம்.

கூட வரும் சொற்களுக்கு நாம் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. சேஸிஸ் வாங்கி அதன்மேல் உடல் கட்டுவதைக் கரூர்ப் பக்கம் கூண்டு கட்டுவது என்கிறார்கள். அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸுக்குப் பார்க்கர், ஹூப்பர் போன்றவர்கள் செய்ததும் அதுவே, அவர்களையும் கூண்டு கட்டுநர் என்றே எழுதலாம். கஸ்டம் கார் என்பது சொல்லிச் செய்த கார், நகைக்குச் சொல்கிறோமே, அப்படி. காரை மகிழுந்து என்று மாற்றச் சொல்ல மாட்டேன், ஊருக்கே புரிகிற சொல் அது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஐகான் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அதன் 'டெரிலிக்ட்' வரிசை வண்டிகளில் துருவும் வெளுத்த பெயின்டும் வெளியே அப்படியே இருக்கும், கீழே சேஸிஸும் எஞ்சினும் முழுக்க இன்றையவை. புதிய சொல் எதையும் இந்த வண்டியின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன். மறுசீரமைத்தது என்றால் அந்தத் துருவுக்குப் பொருந்தாது, மறுகற்பனை என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. துருவைத் தொடாமல் புதுக்கிய வண்டி என்றால் என் பட்டறைக்கார நண்பருக்கும் உடனே புரிகிறது.

அந்தக் காணொளிக்காரர் சொல்லியிருக்க வேண்டியது: "சிங்கர் புதுக்கிய போர்ஷே 911."