ஒட்டுண்ணிக் குளவிகள்: எது எந்தக் குடும்பம்?

பெங்களூரில் கரப்பான் பூச்சி இருக்கும் வீடுகளில் இன்னொரு பூச்சியும் அவ்வப்போது தலைகாட்டும். குளியலறை ஜன்னலிலோ பாத்திரம் தேய்க்கும் இடத்துச் சுவரிலோ வந்து உட்காரும். கன்னங்கரேல் என்றிருக்கும், ஒரு சென்டிமீட்டருக்குள்தான் நீளம், பின்னங்கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். வயிறு பக்கவாட்டில் நசுங்கி, முதுகின் மேல்பகுதியில் மெல்லிய காம்பால் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் மேலும் கீழும் ஆடும். அல்சூர் பக்கம் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் இதைக் கண்டதும் துடைப்பத்தைத்தான் தேடுகிறார்கள். “கிட்டப் போகாதடா, கொட்டிடும்” என்று பாட்டிகள் பேரனை இழுத்துக்கொள்வார்கள்.

பயப்படத் தேவையில்லை. அது தேடி வருவது அலமாரி மூலையில் ஒட்டியிருக்கும் கரப்பானின் பழுப்பு நிற முட்டைக் கூட்டை. கூட்டுக்குள் தன் முட்டை ஒன்றைச் செருகிவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் புழு உள்ளே இருக்கும் கரப்பான் முட்டைகளை எல்லாம் தின்று தீர்த்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, துளை போட்டு வெளியே வரும். எவனியிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் குளவி இது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இந்தக் குளவியை எவனியிடே என்று எப்படிச் சொல்கிறோம்? “கரப்பான் முட்டையைத் தின்கிறது, அதனால்” என்று பதில் சொல்லத் தோன்றும். ஆனால் வேறு குடும்பங்களைச் சேர்ந்த சில குளவிகளும் கரப்பான் முட்டையில்தான் வளர்கின்றன. தொழிலை வைத்து வம்சம் சொல்ல முடியாது. ஒட்டுண்ணிக் குளவிகளின் வகைப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான், ஆராய்ச்சியாளர்களை அதிகம் ஏமாற்றிய விஷயமும் அதுதான். எவனியிடேவுக்கு அடையாளம் அந்தக் காம்பு. பெரும்பாலான குளவிகளுக்கு வயிறு பின்னங்கால்களின் அருகே, தாழ்வாக இணையும். இந்தக் கூட்டத்துக்கு வெகு உயரத்தில் இணைகிறது. இதே அமைப்பு காஸ்டெரப்டியிடே, ஆலாசிடே என்ற இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் உண்டு. ஒன்றின் புழு தனித்தேனீக்களின் கூட்டில் வளர்கிறது, மற்றொன்றின் புழு மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தின்கிறது. உணவு வெவ்வேறு, உடலமைப்பு ஒன்று. மூன்றையும் ஒரே பெருங்குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும்போல எறும்பு, தேனீ, குளவி எல்லாம் சேர்ந்தது ஒரு பெரிய வரிசை. அதன் இன்றைய கிளைகள் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின என்று 2017-இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு கணித்தது. ஆரம்பத்தில் இவை இலையையும் மரத்தையும் தின்றவை. பிறகு ஒரு கிளை மட்டும் மற்ற பூச்சிகளின் உடம்பில் வளரத் தொடங்கியது. இந்த மாற்றம் ஒரே ஒரு முறைதான் நடந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. அப்படியானால் தேனீயும் எறும்பும்? அவையும் அந்த ஒட்டுண்ணி வம்சத்தின் வாரிசுகளே. முட்டையிடும் ஊசிதான் அவற்றிடம் கொடுக்காக மாறியது. அதனால், ‘ஒட்டுண்ணிகள்’ என்றும் ‘கொட்டுபவை’ என்றும் இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்திருந்த பழைய பாகுபாடு நிற்கவில்லை. முதல் பிரிவின் உள்ளிருந்தே இரண்டாவது கிளைத்திருக்கிறது.

சரி, குடும்பம் பிரிப்பது எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் சிறகில். முன்சிறகில் ஓடும் நரம்புகள், அவற்றுக்கு இடையே உருவாகும் கட்டங்கள், எந்தக் குறுக்கு நரம்பு இருக்கிறது, எது இல்லை. ஒட்டுண்ணிகளில் மிகப் பெரிய குடும்பம் இக்நியூமோனிடே, பெயரிட்டவை மட்டும் 25,000-ஐத் தாண்டுகின்றன. அதன் சகோதரக் குடும்பம் பிராகோனிடே, அதுவும் 20,000-க்குக் குறையாது. இரண்டுக்கும் நீண்ட உணர்கொம்பு, ஒல்லியான இடுப்பு. பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் முன்சிறகின் பின்பாதியில் ஒரு குறுக்கு நரம்பு இக்நியூமோனிடேவுக்கு உண்டு, பிராகோனிடேவில் ஏறக்குறைய யாருக்கும் கிடையாது. வயிற்றின் இரண்டாம், மூன்றாம் மேல்தகடுகள் பிராகோனிடேவில் ஒன்றாக இறுகிவிட்டிருக்கும். அசுவினியைத் தாக்கும் சிறு குளவிகளை ஒரு காலத்தில் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள், இப்போது பிராகோனிடேவுக்குள் ஒரு துணைக்குடும்பம். எதிர்த்திசையிலும் நடக்கும்: பிராகோனிடேவில் இருந்த ஆஸ்திரேலியக் குளவிகள் சில 2020-இல் டிராக்கிபெட்டிடே என்று தனிக்குடித்தனம் போயின.

கால்சிட் என்ற பெருங்குடும்பத்துக்குப் போனால் சிறகு நரம்பும் கைவிட்டுவிடும். உடம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர், சிறகின் முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்பு. உலகின் மிகச் சிறிய பூச்சியும் இந்தக் கூட்டத்தில்தான்: 0.139 மில்லிமீட்டர் நீள ஆண் குளவி, சிறகும் கிடையாது, கண்ணும் கிடையாது. இவ்வளவு சின்ன உடம்பில் அடையாளம் தேடுவது கடினம். அதனால் டெரோமாலிடே என்ற ஒரு குடும்பம் பல பத்தாண்டுகளாகப் பரணாகவே இருந்தது. வேறெங்கும் சேராததை எல்லாம் அதில் ஏற்றிவைத்தார்கள். 2022-இல்தான் பன்னாட்டு ஆய்வாளர்கள் அந்தப் பரணை ஒழித்து, இருபதுக்கும் மேற்பட்ட தனிக் குடும்பங்களாகப் பிரித்தார்கள்.

தொழில் எப்படி ஏமாற்றும் என்பதற்கு அத்திப்பழக் குளவிகளைவிட நல்ல சாட்சி இல்லை. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அத்தி மரங்களை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே காய்க்குள் ஒரு மகரந்தக் குளவியும், அதோடு ஒட்டிப் பிழைக்கும் வேறு பல குளவிகளும் வளர்கின்றன. அவற்றில் அப்போக்ரிப்டா என்பது காய்க்குள் நுழைவதே இல்லை. வெளியே நின்றபடி, தலைமுடியைவிட மெல்லிய ஊசியைக் கெட்டியான காயின் சுவருக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் புழுவுக்கு அருகில் முட்டை வைக்கிறது. அந்த ஊசி வளையாமல் முறியாமல் எப்படி இறங்குகிறது என்று அதே வளாகத்தில் பார்த்தார்கள். நுனியில் ரம்பப் பற்கள், அந்தப் பற்களில் துத்தநாகம். 2014-இல் இது வெளியானது. இப்படி அத்திக்குள் வாழும் பெரும்பாலான குளவிகளையும் 1988-இல் ஒரே குடும்பமாக, அகாவோனிடே என்று சேர்த்தார்கள். பத்து ஆண்டுகளில் மரபணு வேறு கதை சொன்னது. அத்திக்குள் குடியேறியது ஒரே வம்சம் இல்லை, வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன. அப்போக்ரிப்டா இப்போது டெரோமாலிடேவில்.

இதற்கு நேர்மாறான கதை குவாட்ராஸ்டிகஸ் என்ற பேரினம். கல்யாண முருங்கை இலையையும் தண்டையும் வீங்கவைத்து மரத்தையே மொட்டையாக்கிய பூச்சி நினைவிருக்கிறதா? 2004-இல் பெயரிடப்பட்ட அது இந்தப் பேரினம்தான், சுத்த சைவம். தைல மர இலைகளில் முடிச்சு உண்டாக்கும் இன்னொரு குளவியைத் தின்று அழிக்கும் ஒட்டுண்ணியும் இதே பேரினம். ஒன்று விரோதி, மற்றொன்று உழவரின் தோழன்.

அழிந்துபோன குடும்பங்களுக்கு வருவோம். கல்லிலோ, கெட்டிப்பட்ட பழங்கால மரப்பிசினான அம்பரிலோ அகப்பட்ட குளவியிடம் மரபணு எதுவும் மிஞ்சுவதில்லை. சிறகு நரம்பும், மூட்டுகளும், ஊசியும்தான் சாட்சி. எவனியிடே சொந்தங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மூன்று குடும்பங்கள் உயிரோடு இருக்கின்றன. பிரேயாலாசிடே, பைசிடே, ஒத்னியோடெல்லிதிடே என்று அழிந்த குடும்பங்கள் அதற்குக் குறையாமல் இருக்கின்றன. நம் குளியலறைக் குளவி ஒரு பெரிய வம்சத்தின் மிச்சம். பெலிசினிடே என்ற குடும்பம் இன்னும் வியப்பு. இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும், ஒரே பேரினம். ஆனால் அதன் புதைபடிவங்கள் சீனாவிலும் சைபீரியாவிலும் கிடைக்கின்றன. புதைபடிவம் இல்லாவிட்டால் அதை அமெரிக்காவிலேயே பிறந்த குடும்பம் என்று நம்பியிருப்போம்.

2025-இல் மியான்மர் அம்பரிலிருந்து சைரனோபெதிலஸ் என்ற குளவி விவரிக்கப்பட்டது. வயது சுமார் 9.9 கோடி ஆண்டுகள். பெண் குளவியின் வயிற்று நுனியில் மூன்று மடல்கள். கீழ் மடல் அகலமான துடுப்பு, அதன் விளிம்பில் நீண்ட விறைப்பான மயிர்கள், உள்புறம் குட்டி முட்கள். பூச்சி தின்னும் வீனஸ் செடியின் இலை மூடுகிற மாதிரியே இதுவும் மூடியிருக்க வேண்டும். வெவ்வேறு மாதிரிகளில் மடல் வெவ்வேறு அளவுக்குத் திறந்திருந்ததால்தான் அது அசையும் உறுப்பு என்று தெரிந்தது. ஓடித் தப்பும் பூச்சியைப் பிடித்துவைத்து முட்டையிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்றுள்ள எந்தக் குளவிக்கும் இப்படி ஓர் உறுப்பு இல்லாததால் புதுக் குடும்பமே படைக்க வேண்டிவந்தது: சைரனோபெதிலிடே.

இதெல்லாம் அருங்காட்சியக வேலை என்று தள்ளிவிட முடியாது. கரும்புத் துளைப்பானுக்கு எதிராக வயலில் கட்டும் ட்ரைக்கோகிராமா முட்டை அட்டையை நம் விவசாயிகள் அறிவார்கள். அந்தக் குளவி அரை மில்லிமீட்டர். எந்த இனம் என்று தெரியாமல் உலகம் முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் இனம் பிரியும் என்று 1971-இல் காட்டியவர்கள் நாகர்கட்டி, நாகராஜா என்ற இருவர். வேலை நடந்தது இதே பெங்களூரில்.

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையில் குழப்பத்துக்கு நிஜமாகவே விலை கொடுக்க நேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்க மரவள்ளியை அந்தப் பூச்சி சூறையாடியபோது, அதன் சொந்த மண்ணான தென் அமெரிக்காவில் ஒட்டுண்ணி தேடினார்கள். கண்டமாத்திரத்தில் அதேபோல இருந்த ஒரு மாவுப்பூச்சியிலிருந்து குளவிகளைப் பிடித்து வந்தார்கள், எடுபடவில்லை. அது வேறு இனம். சரியான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது, அதோடு என்சிர்டிடே குடும்பத்துக் குளவி ஒன்றும். அனகைரஸ் லோபெசி என்ற அதே குளவியைத்தான் ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை வயலில் விட்டார்கள். இந்தக் குளவிக்கு இதுவரை மூன்று பேரினப் பெயர்கள். பழைய ஆய்வுகளில் எபிடினோகார்சிஸ் என்று தேடினால்தான் அகப்படும்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். லால்பாக்கிலோ மாடித் தோட்டத்திலோ, மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு வையுங்கள். மஞ்சளைத் தேடி வந்து விழும். ஜன்னலில் செத்துக் கிடப்பதும் போதும். கைப்பேசியில் செருகும் மேக்ரோ லென்ஸால் முன்சிறகை மட்டும் தட்டையாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படமெடுங்கள். நரம்பு ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் கால்சிட். கட்டங்கள் நிறைய இருந்தால் பின்பாதியில் அந்தக் குறுக்கு நரம்பைத் தேடுங்கள்.